சோற்றுக்கு ஓடிவரும், தீனுக்கு முகம் திருப்பும்: முற்றத்துக் கோழி பற்றி வாசகர் கேள்வி – பதில்

கொழும்பில் பின்முற்றத்திலும் மொட்டைமாடியிலும் நாலைந்து முட்டைக்கோழி வளர்க்கும் வாசகர்கள் இம்முறை எழுதியிருக்கும் முறைப்பாடு ஏறக்குறைய ஒன்றேதான்: கடையில் காசு கொடுத்து வாங்கிய தீனைக் கோழி தொடுவதில்லை. அதற்கான காரணம் வீட்டுக்கு வீடு வேறுபடும். காரணம் தெரியாமல் தீனை மாற்றிக்கொண்டே போனால் கோழிக்கும் நட்டம், உங்களுக்கும் நட்டம். ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்களிடம் பிறவுண் நிற முட்டைக்கோழிகள் ஐந்து இருக்கின்றன. வயது ஒன்பது மாதம். லேயர் மாஷ் (முட்டைக்கோழிக்கான தூள் தீன்) வைத்தால் காலால் கிளறிக் கொட்டிவிட்டுக் குசினிக் கதவடியில் வந்து நிற்கும். சோறோ பாணோ போட்டால்தான் அந்த இடத்தை விட்டுப் போகும். முன்பு நாளுக்கு நாலைந்து முட்டை கிடைத்தது. இப்போது இரண்டுதான், அதிலும் சில நாட்களில் ஒன்று கோதில்லாமல் தோல்முட்டையாக விழுகிறது. ஒரு நாள் பட்டினி போட்டால் பழகுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பட்டினி போட வேண்டாம். குசினிக் கதவை மூடினாலே போதும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீன் தின்னும். ஐந்துக்கும் சேர்த்து 550 கிராம். லேயர் தீனில் புரதம் 16 – 17 வீதம், கல்சியம் 3.5 – 4 வீதம் இருக்கும். அதாவது 110 கிராமைத் தின்று முடிக்கும் கோழிக்குப் புரதம் 18 கிராமும் கல்சியம் 4 கிராமும் கிடைக்கின்றன. ஒரு முட்டைக்குள் 6 – 7 கிராம் புரதம் போகிறது. அதன் கோதுக்கு 2 கிராம் கல்சியம் வேண்டும். தின்ற கல்சியத்தில் பாதியளவுதான் உடம்பில் சேரும். ஆகவே 4 கிராம் என்பது தேவைக்குச் சரியாக இருக்கிறதே தவிர, கூடுதலாக ஒன்றுமில்லை.

இப்போது சோற்றைப் பாருங்கள். வடித்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 100 கிராம் சோற்றில் புரதம் இரண்டரை கிராமளவு. கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் கோழியின் தீன்பையை அது தீனைப் போலவே நிரப்பிவிடும். சோறும் பாணும் தின்று பாதிப் பசி ஆறிய கோழி மாஷில் 55 கிராம் மட்டும் எடுத்தால் அதற்குக் கிடைக்கும் கல்சியம் 2 கிராம், உடம்பில் சேர்வது 1 கிராம். மீதியை அது தன் எலும்பிலிருந்து எடுத்துக் கோது கட்டும். கொஞ்ச நாளில் கோது மெலியும், பிறகு தோல்முட்டை வரும், பிறகு முட்டையே நின்றுவிடும். உங்கள் கடிதத்தில் இருப்பது இதே வரிசைதான். உங்கள் கோழிகள் இரண்டாம் படியில் நிற்கின்றன. இப்போதே திருத்தினால் திரும்பி வரும்.

சமையல் தராசு இருந்தால் மூன்று நாட்கள் அளந்து பாருங்கள். காலையில் 550 கிராம் வையுங்கள். இருட்டியதும் பாத்திரத்தில் மிஞ்சியதையும் கீழே கொட்டியதையும் கூட்டி அள்ளி நிறுங்கள். தின்றது 300 கிராம் என்றால், பாதிக்குக் கிட்ட உங்கள் குசினியிலிருந்தே போகிறது என்று அர்த்தம். அளக்காமல் 'ஒன்றுமே தின்பதில்லை' என்று எடுக்கும் முடிவு பெரும்பாலும் பிழையாகிப்போகும்.

அளந்த பிறகு செய்ய வேண்டியது இதுதான். விடியற்காலை கூட்டைத் திறக்கும்போது முதலில் அவற்றின் கண்ணில் படுவது தீனாக இருக்க வேண்டும். கோழிக்குப் பசி கூடிய நேரங்கள் இரண்டு: விடிந்தவுடன் ஒன்று, அடைவதற்கு முன் இரண்டு மணித்தியாலம் மற்றது. இந்த இரண்டு நேரத்திலும் தீன் பாத்திரம் வெறுமையாக இருக்கக்கூடாது. குசினிச் சாமான் எதுவும் மாலை 4.30க்கு முன் கொடுக்க வேண்டாம். முதல் மூன்று நாள் ஐந்து கோழிக்கும் சேர்த்து 100 கிராம் சோறு, நான்காம் நாளிலிருந்து 50 கிராம். அந்த 50 கிராம்தான் நிரந்தர அளவு. மொத்தத் தீனில் பத்தில் ஒரு பங்கு. அதையும் கதவடியில் போடாமல் கூட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுங்கள். கதவடியில் ஒருமுறை கிடைத்தால் அடுத்த பத்து நாளும் அங்கேதான் நிற்கும்.

இந்த முறை குழம்புவது எப்போதும் ஒரே இடத்தில்தான். வீட்டில் நான்கு பேர் ஒழுங்காக இருக்க, ஒருவர் மட்டும் 'பாவம், பார்த்துக்கொண்டு நிற்கிறது' என்று பத்து மணிக்கு ஒரு துண்டுப் பாண் போடுவார். அம்மம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொல்லி, மாலைச் சோற்றை அவர்கள் கையாலேயே போடவிடுங்கள். அவர்களுக்கும் மனம் ஆறும்.

கோழி பட்டினி கிடக்கிறதா என்ற பயம் வந்தால் தீன்பையைத் தொட்டுப் பாருங்கள். இருட்டியபின் கோழி கூட்டுக்குள் தான் அடையும் தடியில் ஏறி அமர்ந்ததும் அதைக் கக்கத்தில் அணைத்துக்கொண்டு, கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில், கோழியின் வலப்பக்கமாக விரல்களை வையுங்கள். வயிறாரத் தின்ற கோழிக்கு அங்கே சின்னத் தோடம்பழம் அளவு உருண்டை தட்டுப்படும். அழுத்தினால் பிசைந்த மாவைப்போல் கொடுக்கும். விடிய, தீன் வைக்கும் முன் அதே இடம் தட்டையாக இருக்க வேண்டும். இரவு நிறைந்து காலையில் வற்றியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தீன் முன்னால் இருக்கச் சுகமான கோழி முதல் நாளிலேயே கொத்தத் தொடங்கிவிடும். ஒரு நாள் முழுக்கத் தீன்பை வெறுமையாக இருந்தால் அது பிடிவாதம் அல்ல, சுகவீனம்.

கல்சியத்துக்குக் கொடுக்கும் சிப்பி ஓட்டைத் தீனோடு கலக்காமல் தனிச் சிரட்டையில் வையுங்கள். பயறு அளவுத் துண்டாக இருப்பது நல்லது. கோது கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடப்பதால், மாலையில் தின்ற துண்டுச் சிப்பி இரவு முழுக்க மெல்ல மெல்லக் கரைந்து உதவும். தூள் அவ்வளவு நேரம் தங்காது. எவ்வளவு வேண்டும் என்பதைக் கோழியே பார்த்துக்கொள்ளும்.

கோது ஒரு கிழமையளவில் தடிக்கத் தொடங்கும். முட்டை எண்ணிக்கை கூட அதைவிட நாளெடுக்கும். ஒரு மஞ்சட்கரு முற்றிவரப் பத்து நாளளவு ஆகும் என்பதால் இரண்டு மூன்று கிழமை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகும் தோல்முட்டை வந்தால் தீனைக் குறை சொல்லாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சில தொற்றுநோய்களும் கோதைத்தான் முதலில் கெடுக்கும்.

கேள்வி: எங்கள் கோழிகள் மாஷில் சோளத் துண்டுகளை மட்டும் பொறுக்கிவிட்டு மாவை அப்படியே விடுகின்றன. மாவைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தால் திரும்பவும் அதே கதை. தரம் குறைந்த தீனா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: தீனில் பிழை இல்லை. நீங்கள் கொட்டும் மாவில்தான் சுண்ணாம்பும் உப்பும் விற்றமின்களும் முட்டைக்கு வேண்டிய அமினோ அமிலங்களும் இருக்கின்றன. கோழியின் சொண்டுக்குத் துண்டு இலகு, தூள் கஷ்டம். அதனால் பெரிய துண்டைப் பார்த்துக் கொத்துகிறது. மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைக்கும்போது, பொறுத்திருந்தால் இன்னும் சோளம் வரும் என்று நீங்களே பழக்குகிறீர்கள்.

காலையில் நாள் அளவின் பாதியை மட்டும் வையுங்கள். அதில் மாவு உட்பட முடிந்த பிறகுதான் மற்றப் பாதி. அடியில் மாவு மட்டும் மிஞ்சியிருந்தால் மத்தியானம் அதை நனைத்துக் கொடுங்கள். 300 கிராம் மாவுக்கு 200 மில்லிலீற்றர் தண்ணீரில் தொடங்கி, கைவிரல்களால் உதிர்த்து உதிர்த்துக் கலக்கவேண்டும். புட்டுக்கு மா குழைப்பதுபோலத்தான்: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் கசியக்கூடாது, தட்டினால் உதிர வேண்டும். களியாகிவிட்டால் சொண்டில் ஒட்டும், கோழி தலையை உதறிவிட்டுப் போய்விடும். காய்ந்த மாவு இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

நனைத்த தீனைக் கோழி விரும்பித் தின்னும். ஆனால் கொழும்பு வெக்கையில் அது சீக்கிரம் புளிக்கும். ஒரு மணித்தியாலத்தில் தின்று முடிக்கக்கூடிய அளவுதான் கலக்க வேண்டும். மிஞ்சினால் எடுத்துப் பாத்திரத்தைக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். நேற்றைய பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த தீனில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

காலால் கிளறுவதையும் குறைக்கலாம். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வரும்படி தொங்கவிடுங்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். இவ்வளவும் செய்தும் பொறுக்கல் நிற்காவிட்டால், குறுணித் தீனுக்கோ குச்சித் தீனுக்கோ மாறுங்கள். அதில் எல்லாம் ஒன்றாக இறுகியிருப்பதால் பொறுக்க வழியில்லை. ஒரே நாளில் மாற்றினால் அதையும் தொடாது: முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, அடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுதும்.

கேள்வி: பிழிந்த தேங்காய்ப்பூ, மிஞ்சிய கறி, கருவாட்டுத் தலை, பழத்தோல் எல்லாம் கோழிக்குத்தான் போடுகிறோம். தீனைவிட அதைத்தான் விரும்புகின்றன. கெடுதலா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பிழிந்த தேங்காய்ப்பூவில் கொழுப்பும் நாரும் உண்டு, புரதம் கொஞ்சம்தான். பிழிந்த அன்றே, கோழிக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவில் கொடுக்கலாம். மத்தியானம் வரை வெளியில் கிடந்து புளித்த பூ வேண்டாம்.

கறியும் கருவாடும் கொடுக்கவே கூடாது. உப்பைத் தாங்கும் சக்தி கோழிக்குக் குறைவு. கருவாட்டுத் தலையைத் தின்ற கோழி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், எச்சம் தண்ணீராகப் போகும், தீன் பக்கம் திரும்பாது. கூடினால் செத்தும் போகும். பூஞ்சணம் பிடித்த பாண், வேகாத காய்ந்த பயறுவகைகள், பச்சை ஓடிய உருளைக்கிழங்குத் தோல், அவகாடோத் தோலும் விதையும், சொக்கலேற் ஆகியவையும் வேண்டாம். பப்பாசி, பூசணி, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் நல்லவை. கீரையைக் கட்டாகக் கட்டிக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டால் பின்னேரம் முழுக்க அதோடு பொழுதுபோகும். ஒன்றையொன்று கொத்துவதும் குறையும்.

கேள்வி: புதுச் சாக்கு உடைத்த நாளிலிருந்து தீனை மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகின்றன. அதே கொம்பனி, அதே லேயர் மாஷ். சாக்கின் அடியில் சின்னக் கட்டிகள் இருந்தன. உடைத்து வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: கொடுக்க வேண்டாம். இந்த முறை கோழி சொல்வதுதான் சரி.

கட்டி என்றால் ஈரம் பட்டிருக்கிறது. ஈரம் பட்ட இடத்தில் பூஞ்சணம் வளர்ந்திருக்கும். சோளத்திலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் வளரும் பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை விடும். அது ஈரலைக் கெடுக்கும். வெயிலில் வைத்தால் பூஞ்சணம் காயும், நஞ்சு போகாது. சமையல் சூட்டுக்கும் அது அசையாது. கட்டிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் கொடுப்பதும் சரியல்ல, ஏனென்றால் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. சாக்கையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போங்கள்.

ஒவ்வொரு சாக்கையும் உடைத்தவுடன் கையை முழங்கை வரை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுங்கள். நல்ல மாஷ் குளிர்ச்சியாக, உலர்ந்து, இடித்த சோளத்தின் மணத்தோடு இருக்கும். உள்ளே கைக்குச் சூடு தெரிந்தாலோ, பழைய எண்ணெய்ச் சிக்கு மணமோ நிலவறைப் புழுக்க மணமோ வந்தாலோ, நூலாம்படை போல ஒட்டிக்கொண்டு வந்தாலோ திருப்பிக் கொடுங்கள்.

கொழும்பில் மே மாத மழை தொடங்கினால் சுவரே வியர்க்கும். ஆகவே சாக்கைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அன்றாடத் தேவைக்கு மூடி இறுகும் பிளாஸ்ரிக் வாளி ஒன்று போதும். பழைய தீன் தலையில் புதியதைக் கொட்ட வேண்டாம். அடியைத் துடைத்துக் காயவைத்த பிறகே நிரப்புங்கள். ஐந்து கோழி மாதத்துக்குத் தின்பது 16 – 17 கிலோ. விலை குறைவு என்று 50 கிலோ சாக்கு வாங்கினால் மூன்று மாதம் கிடக்கும். விற்றமின்களும் அதற்குள் குறைந்துபோகும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

எலி தொட்ட தீனையும் எறிந்துவிடுங்கள். எலிக்காய்ச்சல் கோழியைவிட உங்களுக்குத்தான் ஆபத்து. இரவில் தீன் பாத்திரத்தை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, விடியக் கூடு திறக்கும்போது வைத்தால் போதும். கோழி இருட்டில் தின்னாது.

கேள்வி: மூன்றாம் மாடி மொட்டைமாடியில், தகரக் கூரையின் கீழ் ஆறு கோழிகள். மார்ச் தொடங்கியதிலிருந்து தீன் பாதியாகக் குறைந்துவிட்டது. மத்தியானத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.
– வாசகி, தெமட்டகொட

பதில்: அது வெக்கை. கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்த்தும். தீன் செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். அதனால் 30 பாகைக்கு மேல் போனால் அதுவாகவே தீனைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆசைகாட்டித் தின்னவைக்க முயல வேண்டாம். காலை 5.30க்கே தீன் வையுங்கள். மத்தியானம் பதினொன்றிலிருந்து மூன்று வரை பாத்திரத்தை எடுத்துவைத்துவிட்டு, பிறகு திரும்ப வையுங்கள்.

ஆனால் முதலில் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். மொட்டைமாடித் தாங்கியிலிருந்து மத்தியானத்தில் வரும் தண்ணீர் தேநீர்ச் சூட்டில் இருக்கும். கோழி சுடுதண்ணீர் குடிக்காது. குடிக்காத கோழி காய்ந்த மாஷ் தின்னாது. சாதாரண நாளில் கோழிக்குக் கால் லீற்றர் தண்ணீர் போதும். இந்த மாதங்களில் அரை லீற்றர் என்று கணக்கு வையுங்கள், ஆறுக்கும் மூன்று லீற்றர். இரவே வாளியில் பிடித்து நிழலில் வைத்த தண்ணீரை, மண்சட்டியில், பகலில் இரண்டு முறை மாற்றுங்கள். பாத்திரம் இரண்டு இருக்கட்டும். தகரத்தின் மேல் கிடுகு இரண்டு அடுக்குப் போட்டால் கீழே இருக்கும் வெக்கை நன்றாகத் தணியும். பக்கங்களை அடைக்காமல் வலை மட்டும் அடித்துக் காற்று ஊடுருவ விடுங்கள். மூச்சிரைப்போடு ஒரு கோழி செட்டையை விரித்துப் படுத்துவிட்டால், நிழலுக்குக் கொண்டுபோய்க் கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் நனையுங்கள்.

கேள்வி: பழைய கோழி நான்கோடு புதிதாக இரண்டு விட்டேன். புதியவை தீன் பக்கமே போகவில்லை.
– வாசகர், வத்தளை

பதில்: போகவிடவில்லை என்பதே சரி. கோழிகளுக்குள் யார் முதல், யார் கடைசி என்று ஒரு வரிசை உண்டு. புதியவை கடைசியில் நிற்கும். இரண்டாவது தீன் பாத்திரமும் தண்ணீரும், முதலாவதிலிருந்து பார்த்தால் தெரியாத மறைவில் வையுங்கள். இடையில் ஒரு பலகையைச் சாய்த்துவைத்தாலே போதும். வரிசை அடங்க ஒன்றிரண்டு கிழமை ஆகும். இரவில் அந்த இரண்டின் தீன்பையையும் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: அடை கிடந்த ஊர்க்கோழி பத்துக் குஞ்சோடு இறங்கியிருக்கிறது. தாய்க்கு வைக்கும் லேயர் தீனைக் குஞ்சுகளும் தின்கின்றன. பரவாயில்லையா?
– வாசகி, இரத்மலானை

பதில்: கூடாது. லேயர் தீனில் இருக்கும் கல்சியம் வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மறுபக்கமாகச் செய்யுங்கள்: குஞ்சுத் தீனை எல்லோருக்கும் வையுங்கள், தாயும் அதையே தின்னட்டும். குஞ்சோடு இருக்கும் தாய் முட்டையிடாது என்பதால் அதற்குக் கல்சியம் குறைவதில்லை. முட்டையிடும் மற்றக் கோழிகள் கூட இருந்தால் சிப்பியைத் தனியாக, குஞ்சு எட்டாத உயரத்தில் வையுங்கள். குஞ்சுகள் முட்டையிடும் பருவத்துக்கு வந்தபின் லேயர் தீனுக்கு மாறலாம்.

கேள்வி: மற்றவை நன்றாகத் தின்கின்றன. ஒன்று மட்டும் இரண்டு நாளாகச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. பேன் மருந்தும் பூச்சி மருந்தும் கொடுக்கலாமா?
– வாசகர், கல்கிசை

பதில்: கண்டபடி மருந்து கொடுப்பதற்கு முன் கோழியைக் கையில் எடுங்கள்.

காலையில் தீன்பை வற்றாமல் தண்ணீர்ப் பையைப்போல் தளதளத்து, வாயில் புளித்த மணம் வந்தால் தீன்பை புளித்திருக்கிறது; கல்லாக இறுகியிருந்தால் நீளப் புல்லோ நாரோ அடைத்திருக்கிறது. தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய் அங்கேயே செத்துவிடும். வாலைக் கீழே தொங்கவிட்டு நின்று நின்று முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். செட்டைக்கடியிலும் எச்சவாய் சுற்றியும் சிறகை விலக்கிப் பேனைத் தேடுங்கள். இரவில் டோர்ச் அடித்து, கோழி அமரும் தடியின் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். அங்கே சிவந்த புள்ளிகள் ஊர்ந்தால் அது இரத்தம் குடிக்கும் உண்ணி. பகலில் கோழி மேல் இருக்காது. பழைய சிறகு கொட்டிப் புதுக் குருத்து முளைக்கும் காலமாக இருந்தால் தீன் கொஞ்சம் குறையும், முட்டையும் நிற்கும். ஆனால் அந்தக் கோழி மூலையில் ஒடுங்காது, நடமாடிக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் கோழிக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்றே அதைத் தனியாக, காகிதம் விரித்த பெட்டியில் வையுங்கள். தண்ணீரும் நனைத்த தீன் ஒரு கைப்பிடியும் முன்னால் இருக்கட்டும். காகிதத்தில் விழும் எச்சத்தின் நிறத்தைக் கவனியுங்கள். பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், மூக்கொழுகல், இருமல் இவற்றில் எது கண்டாலும், அல்லது இரண்டாவது கோழியும் ஒடுங்கினாலும், உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். போகும்போது கோழி எத்தனை நாளாகத் தின்னவில்லை, கடைசியாக முட்டையிட்ட நாள், போட்ட தடுப்பூசிகள், தின்னும் தீனின் பெயர் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி, எச்சம் விழுந்த காகிதத்தையும் மடித்துப் பொலித்தீன் பையில் இட்டுக் கொண்டுபோங்கள்.